மூக்குக்குப் போட்ட வாசனை

நேயர்களுக்கு வணக்கம்.

கிரீம், லோஷன், பவுடரில் போடுகிற வாசனை சருமத்துக்கு நல்லதா கெட்டதா என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தோல் டாக்டர் இல்லை. வேதியியல் படித்துவிட்டு, புதுச்சேரிப் பக்கம் ஓர் அழகுசாதனத் தொழிற்சாலையில் சேர்ந்து 28 வருஷம் ஓட்டியவன். அதில் பாதிக் காலம் வாசனைச் சரக்கு வைத்திருக்கும் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். ரோஜாவும் கிராம்பும் எலுமிச்சையும் ஒன்றாகக் குழைந்த ஒரு வாசம் என் சட்டையை விட்டுப் போனதே இல்லை. என் வீட்டுக்காரி என் துணிகளைத் தனியாகத்தான் ஊறவைப்பார்.

ஒரு கிரீம் எப்படித் தயாராகிறது என்று சொன்னால் வாசனைக்கு அதில் என்ன வேலை என்பது விளங்கிவிடும். எண்ணெயும் மெழுகும் ஒரு தொட்டியில், தண்ணீரும் கிளிசரினும் இன்னொரு தொட்டியில். இரண்டையும் 70, 75 டிகிரி வரை சூடாக்கி, ஒன்றாக விட்டுக் கடைவோம். தயிர் கடைவது மாதிரிதான், மத்துக்குப் பதில் மோட்டார். வெள்ளைவெளேரென்று திரண்டு வந்து, சூடு 45 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வாசனையை ஊற்றுவோம். ரசத்தை இறக்கி வைத்துவிட்டு மல்லித்தழை போடுகிற மாதிரி. முன்னாலேயே போட்டால் பறந்துபோய்விடும். 500 கிலோ கிரீமுக்கு நாங்கள் ஊற்றியது 2 கிலோ. சதவீதக் கணக்கில் 0.4. அளவு கொஞ்சம்தான், ஆனால் கிலோ விலை பார்த்தால் அந்தத் தொட்டிக்குள் போகிற சரக்கிலேயே அதுதான் பெரும்பாலும் காஸ்ட்லி.

அந்த 2 கிலோவை ஊற்றுவதற்கு முன்னால் கிரீம் எப்படி இருக்கும் தெரியுமா? ஊதி அணைத்த மெழுகுவர்த்தி வாசம் அடிக்கும். லானோலின் சேர்த்திருந்தால் மழையில் நனைந்த ஆடு பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பதுதானே அது. முடி நீக்கும் கிரீமைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் இருக்கும் கந்தகச் சேர்மத்தின் நாற்றத்தை எந்த ரோஜாவாலும் முழுசாக மூடிவிட முடியாது. வீட்டில் யாராவது பாத்ரூமில் அதைத் திறந்தால் ஹாலில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆக, முதல் வேலை மூடி மறைப்பது. இரண்டாவது வேலை, விற்பது. கடையில் கிரீம் வாங்குகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மூடியைத் திறந்தால் விரலுக்கு முன்னால் மூக்குதான் போகும். எங்கள் தொழிற்சாலையில் ஒரே கிரீமை இரண்டு டப்பாவில் போட்டு, ஒன்றில் மட்டும் வாசனை சேர்த்து, ஆபீஸில் இருப்பவர்களிடம் கொடுத்துப் பார்ப்போம். "இதுதான் சார் மெத்துன்னு இருக்கு" என்று வாசனை போட்டதைத்தான் கையில் எடுப்பார்கள். கிரீம் இரண்டும் ஒன்றுதான். மெத்தென்று இருந்தது மூக்குக்கு.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மருந்துக்கடைக் களிம்பு நாறினால் இரண்டு நாள் பூசிவிட்டு அலமாரியில் போட்டுவிடுவோம். மணமாக இருந்தால் தினம் பூசுவோம். அந்த அளவில் வாசனைக்கு ஒரு உபயோகம் உண்டு. ஆனால் சருமத்துக்கு அதனால் நேரடியாக ஒரு காரியமும் ஆவதில்லை. ஈரம் காப்பது கிளிசரின், வழவழப்பு எண்ணெய், தடுப்பு மெழுகு. வாசனை முழுக்க முழுக்க மூக்குக்குப் போட்டது. சருமம் இடையில் மாட்டிக்கொண்ட ஆள்.

மாட்டிக்கொள்வது எப்படி என்று கேட்டால், அது ரொம்ப சுவாரஸ்யமான விஷயம். ஒரு பொருள் மணக்க வேண்டும் என்றால் அது காற்றில் எழும்பி மூக்குக்கு வர வேண்டும். எழும்ப வேண்டும் என்றால் அதன் மூலக்கூறு லேசாக இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோலில் மணக்கிற லிமோனீனின் மூலக்கூறு எடை 136. லாவெண்டரிலும் நம் கொத்தமல்லி விதையிலும் மணக்கிற லினலூல் 154. இப்போது தோலைப் பாருங்கள். நம் மேல்தோல் பெரும்பாலான பொருட்களை உள்ளே விடாது, நல்ல காவல்காரன். ஆனால் எடை 500க்குக் கீழே இருந்து, எண்ணெயிலும் கரைகிற சரக்காக இருந்தால் இடுக்கில் நுழைந்துவிடும். விளம்பரத்தில் வருகிற கொலாஜன் எடை 3 லட்சம். அது வாசலிலேயே நின்றுவிடும். வாசனையோ சுலபமாக உள்ளே போகும். எது மூக்குக்கு மேலே ஏறுகிறதோ அதுதான் தோலுக்குக் கீழேயும் இறங்குகிறது.

இறங்கினால் என்ன? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் பொதுமக்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு வாசனைப் பொருளில் ஏதோ ஒன்றுக்கு ஒவ்வாமை இருக்கும் என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். மிச்சம் 97 பேர் ஆயுசு முழுக்கப் பூசிக்கொண்டு சந்தோஷமாக இருப்பார்கள். ஆகவே வீட்டுக்குப் போய் எல்லா டப்பாவையும் தூக்கிப்போட வேண்டாம்.

அந்த மூன்று பேரில் நான் ஒருவன்.

வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் வரை ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு மார்கழியில் விரல் இடுக்கில் அரிப்பு. பனிக்குத் தோல் வறண்டிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். தை மாதம் மணிக்கட்டுக்கு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கும், செவ்வாய்க்கிழமை கொப்புளிக்கும். இந்த ஒரு தகவலே டாக்டருக்குப் போதுமானதாக இருந்தது. "திங்கட்கிழமை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

இந்த அலர்ஜியின் குணம் அதுதான். இறால் சாப்பிட்டதும் உதடு வீங்குகிற ரகம் வேறு. இது மெதுவானது. உள்ளே போன மூலக்கூறு நம் தோலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியன் என்று குறித்துவைத்துக்கொள்கின்றன. ஒரு தடவை குறித்துவிட்டால் மறப்பது கிடையாது. அடுத்த முறை பட்டதும் ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள் கழித்துத்தான் சிவந்து அரிக்கும். அதனால்தான் "பத்து வருஷமா இதே கிரீம்தான் போடறேன், இதுவா காரணம்?" என்று பலரும் நம்ப மறுக்கிறார்கள். பத்து வருஷம் போட்டதுதான் காரணமாகவே இருக்கலாம்.

எனக்கு பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். 1895இல் யோசஃப் யாடாசோன் என்ற தோல் மருத்துவர் தொடங்கிவைத்த முறை. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. முதுகில் வரிசை வரிசையாகச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், சட்டைப் பொத்தான் அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு சந்தேகப் பொருளை வாசலினில் கலந்து வைத்து, பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது. எனக்கு ஒட்டியது சித்திரை மாதம். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. இரண்டு ராத்திரி குப்புறப் படுத்துக்கொண்டு விசிறியை எதிர்பார்த்துக் கிடந்தது நினைவிருக்கிறது.

பிரித்தபோது டாக்டர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருக்கும் படங்களில் வெள்ளைத் தோலில் செக்கச் செவேலென்று வட்டம் தெரியும். என் முதுகில் அப்படி எங்கே தெரியும்? டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக விரல் நுனியால் ஒவ்வொரு கட்டமாகத் தடவினார். தோசைக்கல்லில் சூடு பார்ப்பது மாதிரி. ஒரு கட்டத்தில் விரல் நின்றது. மறுபடி நான்காம் நாள் வரச் சொல்லிப் பார்த்தார், அதே கட்டம் இன்னும் தடித்திருந்தது. அதில் இருந்தது எட்டு வாசனைப் பொருட்களின் கலவை. உலகம் முழுக்க வாசனை அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைத்தான் முதலில் வைப்பார்கள், இந்தியாவில் பயன்படுத்தும் வரிசையிலும் உண்டு. இலவங்கப்பட்டையில் உள்ளது, கிராம்பில் உள்ளது, ரோஜாவில் உள்ளது, ஓக் மரப் பாசியிலிருந்து எடுப்பது என்று எட்டு. பிறகு தனித்தனியாக வைத்துப் பார்த்ததில் எனக்கு ஆகாதது ஐசோயூஜினால். கிராம்பு மாதிரி ஒரு இனிப்பான மணம். எனக்கு ரொம்பப் பிடித்த சரக்கு. போகட்டும்.

இங்கேதான் லேபிள் விஷயம் வருகிறது. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் பதினைந்து, இருபது பெயர் இருக்கும். அதில் 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்று ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குள் ஐம்பது, நூறு பொருட்கள் உட்கார்ந்திருக்கலாம். உலகத்தில் இந்தத் தொழிலில் புழங்குகிற வாசனைச் சரக்கு 3,000க்கும் மேல். எது எவ்வளவு என்பது தொழில் ரகசியம். கிரீம் செய்கிற எங்களுக்கே முழுசாகத் தெரியாது. வாசனைக் கம்பெனிக்காரர் டிரம்மில் அனுப்புவார், கூடவே பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று வரும், அவ்வளவுதான். சர்வதேச அளவில் அந்தத் தொழிலுக்கென்று ஒரு சங்கம் 1973இலிருந்து இருக்கிறது, இஃப்ரா என்பார்கள். எந்தச் சரக்கை எந்த வகைப் பொருளில் அதிகபட்சம் எவ்வளவு போடலாம் என்று அது வரம்பு வைக்கிறது. தொழில்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல் என்பது என் அனுபவம்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போனது. அலர்ஜி தரக்கூடிய 26 பொருட்களின் பெயரை, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் லேபிளில் தனியாக எழுத வேண்டும் என்று 2005இலிருந்து கட்டாயமாக்கியது. அளவைப் பாருங்கள். பூசி அப்படியே விடுகிற கிரீம் என்றால் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். கழுவிவிடுகிற சோப்பு, ஷாம்பு என்றால் 100 மில்லிகிராம். பத்து மடங்கு வித்தியாசம் எதற்கு? சோப்பு ஒரு நிமிஷத்தில் தண்ணீரோடு போய்விடும். கிரீம் காலையில் பூசினால் சாயங்காலம் வரை முகத்திலேயே இருக்கும். வாசனை வேண்டுமே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான், ஆசையைச் சோப்பில் தீர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேல் நீட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சந்தைக்கு வருகிற பொருளுக்கு 2026 ஜூலை 31 முதலும், ஏற்கெனவே விற்பதற்கு 2028 ஜூலை 31 முதலும் அது பொருந்தும். அந்த நீட்டிய பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? சந்தன எண்ணெய், மல்லிகை, ரோஜா, கற்பூரம். நம் பூஜை அறை அப்படியே இருக்கிறது.

இதில் மக்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிற ஒரு விஷயம் உண்டு. ஒரு டப்பாவில் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்று பெயர் பெயராக எழுதியிருக்கும். இன்னொன்றில் 'பர்ஃப்யூம்' என்பதோடு நின்றிருக்கும். "இதுல கெமிக்கல் கம்மி" என்று இரண்டாவதை எடுப்பார்கள். அதே பொருட்கள் இரண்டிலும் இருக்கலாம், முதலாமவர் சொல்லிவிட்டார் என்பதுதான் வித்தியாசம். ஐசோயூஜினால் ஆகாத என்னைப் போன்றவனுக்கு அந்த வாயாடி லேபிள்தான் நண்பன்.

சில பொருட்கள் பட்டியலைத் தாண்டித் தடைக்கே போய்விட்டன. லைரல், லிலியல் என்று இரண்டு. பெயர் மட்டுமல்ல, மணமும் கிட்டத்தட்ட ஒன்று, வெள்ளை மணிப்பூ மாதிரி ஒரு குளிர்ந்த வாசம். நாங்களே டிரம்மை மாற்றி எடுத்துவிடுவோம். லைரல் ஏராளமானவர்களுக்கு அலர்ஜி தந்ததால் ஐரோப்பாவில் 2021 ஆகஸ்டோடு விற்பனையிலிருந்து முழுசாகப் போனது. லிலியல் போனதற்குக் காரணம் வேறு. விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்தைப் பாதிப்பது தெரிந்ததால் 2022 மார்ச் 1 முதல் தடை. பழைய சரக்கு வீட்டில் இருந்தால், பொடி எழுத்தில் 'பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரொப்பியோனல்' என்று தேடிப் பாருங்கள். வாய்க்குள் நுழையாது, கண்ணுக்குத் தட்டுப்படும்.

சரி, இயற்கை வாசனைக்கு வருவோம். இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது, "நாங்க கெமிக்கல் பக்கமே போறதில்ல சார், எல்லாம் எசென்ஷியல் ஆயில்தான்" என்பார்கள். அந்த எண்ணெயும் கெமிக்கல்தான், செடி செய்த கெமிக்கல். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன். நான் டிரம்மிலிருந்து ஊற்றிய அதே சரக்கு. வாசனை எண்ணெய்க்காரர்களிடம் இன்னொரு சிக்கல், வருஷக்கணக்காக வைத்திருந்து உபயோகிப்பது. லினலூலும் லிமோனீனும் புதிதாக இருக்கும்போது அவ்வளவாக அலர்ஜி தருவதில்லை. காற்றுப் பட்டுப் பட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்து வேறு பொருளாக மாறுகின்றன. அலர்ஜியைக் கிளப்புவது அந்த மாறிய பொருள். இதை ஸ்வீடனில் ஆன்-தெரேஸ் கார்ல்பெர்க் என்ற அம்மையாரின் குழு விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறது. நல்லெண்ணெய் சிக்கு வாடை அடித்தால் தாளிக்க மாட்டோம் இல்லையா? மூடி சரியாக மூடாமல் ஜன்னல் ஓரத்தில் வெயில் காய்கிற லாவெண்டர் பாட்டிலுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. தெற்கு இத்தாலியில் கலாப்ரியா என்ற பகுதியில் பெர்கமோட் என்று ஒரு பழம் விளைகிறது, நார்த்தங்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் தோல் எண்ணெய்தான் கொலோன் வாசனைக்கு உயிர். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பெண்கள் கொலோனைக் கழுத்தில் தெளித்துக்கொண்டு வெயிலில் போனால், வழிந்த தடத்திலேயே கறுப்பாக ஒரு கோடு விழுந்தது, சங்கிலியில் தொங்குகிற பதக்கம் மாதிரி. அதனால் பதக்கத்துக்கான பிரெஞ்சுச் சொல்லை வைத்தே 'பெர்லோக்' என்று அந்த நோய்க்குப் பெயர் வந்தது. காரணம், பெர்கமோட்டில் இருக்கும் பெர்காப்டீன். தோலில் அது இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்து, பிறகு கறுத்துவிடும். இன்றைக்குப் பெர்காப்டீனை நீக்கிய எண்ணெய்தான் பெரும்பாலும் புழங்குகிறது.

இது இத்தாலிக் கதை என்று விட்டுவிட முடியாது. எலுமிச்சைத் தோலிலும் இதே குடும்பத்துப் பொருள் இருக்கிறது. எலுமிச்சையை இரண்டாக வெட்டி முகத்தில் தேய்த்துக்கொண்டு மாடியில் துணி காயப்போடப் போகிற பெண்கள் எத்தனை பேர்! அப்புறம் நலங்கு மாவு. பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, கூடவே கார்போக அரிசி. இந்தக் கார்போக அரிசியில் இருப்பது சோரலென், பெர்காப்டீனின் நெருங்கிய சொந்தம். வெண்புள்ளிக்குச் சிகிச்சை தரும்போது, தோலைக் கறுக்க வைக்க டாக்டர்கள் வெளிச்சத்தோடு சேர்த்துப் பயன்படுத்துகிற மருந்து இந்தக் குடும்பத்துப் பொருள்தான். கறுக்க வைக்கிற மருந்தை நிறம் கொடுக்கும் என்று நம்பிப் பூசிக்கொள்கிறோம். குளித்துக் கழுவிவிடுவதால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் கதை வேறு. எங்கள் வீட்டு மாவில் அதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

இப்போது என் அக்கா கதை. இதைச் சொல்லத்தான் ஒப்புக்கொண்டு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டி, இரண்டு கன்னத்திலும் தாடை ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் கறுப்பு படிய ஆரம்பித்தது. எல்லாரும் மங்கு என்றார்கள். மங்கு என்றால் நம் வீடுகளில் உடனே என்ன நடக்கும்? ஆளுக்கொரு கிரீம் சொல்வார்கள். தம்பி கிரீம் கம்பெனியில் இருக்கிறானே, கேட்க வேண்டுமா! ஸ்டாஃப் விலைக்கு டஜன் கணக்கில் நானே வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, கல்யாணம் காட்சி என்றால் மூன்று தடவை பூசினார். கறுப்பு கூடிக்கொண்டேதான் போனது. கறுப்பு கூடக் கூட அக்கா இன்னும் அழுத்தித் தேய்த்தார். எங்கேயும் சிவக்கவில்லை. லேசாக எப்போதாவது அரிக்கும், அதை அக்கா ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

என் கைக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரிடம் ஒரு நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொன்னது என் தலையில் அடித்தாற்போல இருந்தது. மங்கு என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை வெயிலாலும் ஹார்மோனாலும் வருபவை, அவற்றுக்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு வகை, முகத்தில் பூசுகிற பொருளின் அலர்ஜியால் வருவது. நம்மைப் போல நிறமுள்ள தோலில் அது சிவக்காமலேயே, கொப்புளிக்காமலேயே, நேராகக் கறுப்பாக வெளிப்படலாம். மேல்தோலில் இருக்க வேண்டிய நிறமி, உள்ளே நடக்கிற சன்னமான அழற்சியால் கீழே சிந்திவிடுகிறது. வேட்டியில் சிந்திய மை மாதிரி, மேலே எவ்வளவு தேய்த்தாலும் வராது.

ஜப்பானில் 1960களிலும் 70களிலும் இப்படி ஏராளமான பெண்களுக்கு முகம் கறுத்தது. காரணம் தெரியாமல் மருத்துவர்கள் திணறினார்கள். நாகாயாமா ஹிதேயோ என்ற தோல் மருத்துவரும் உடன் இருந்தவர்களும், அந்தப் பெண்கள் பூசிக்கொண்ட பொருட்களைப் பிரித்துப் பேட்ச் டெஸ்ட் செய்து பார்த்தார்கள். ஒரு சிவப்புச் சாயம் அகப்பட்டது. கூடவே மல்லிகை, இலாங்-இலாங் பூ எண்ணெய், சந்தன எண்ணெய், பென்சைல் சாலிசிலேட் என்று வாசனைச் சரக்கு வரிசையாக அகப்பட்டது. அவற்றை ஒன்றுவிடாமல் நீக்கிய சோப்பும் கிரீமும் தனியாகத் தயாரித்து அந்தப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று மெதுவாகக் கறுப்பு இறங்கியது. 1977இலிருந்து அங்கே பெரிய கம்பெனிகள் தாங்களாகவே அந்தச் சரக்குகளை விலக்க ஆரம்பிக்க, புதிதாக வருகிற நோயாளிகளும் மளமளவென்று குறைந்தார்கள். நான் வேலைக்குச் சேருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்து முடிந்த விஷயம் இது. வாசனை அறைச் சாவியை வைத்திருந்த எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அக்காவுக்கும் பேட்ச் டெஸ்டில் வாசனைக் கலவைதான் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். வாசனை இல்லாத ஒரு மாய்ஸ்சரைசர், கழுவ ஒரு திரவம், வெயிலுக்கு ஒரு சன்ஸ்கிரீன். முதல் நாளே அக்கா போன் செய்தார். "டேய், வாசமே இல்லாம எப்படிடா பூசறது? செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இருக்கு."

வாசனை இல்லாதது என்று கடையில் கேட்டு வாங்குவதிலும் வழுக்கல் உண்டு. 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் மணம் தெரியாது என்றுதான் அர்த்தம். மூலப்பொருளின் நாற்றத்தை அமுக்க உள்ளே வாசனைச் சரக்கு கொஞ்சம் போட்டிருக்கலாம், நானே போட்டிருக்கிறேன். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பது அதைவிடத் தேவலை. அதிலும் சில கம்பெனிகள் வாசனை என்று எழுதாமல் லாவெண்டர் எண்ணெய், ஆரஞ்சு எண்ணெய் என்று தாவரச் சாறாகச் சேர்த்துவிடும், பின்பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும். 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லை நம்பவே நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1975இல் அதற்கு ஒரு விதி கொண்டுவந்தார்கள், கம்பெனிகள் வழக்குப் போட்டு 1977இல் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. அதிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஓர் அர்த்தமும் கிடையாது.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், எக்ஸிமா என்கிற கரப்பான் நோய் உள்ளவர்கள், கைக்குழந்தைகள், வெடித்த குதிகால், சவரம் செய்த கன்னம், அக்குள். காவல்காரன் ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கிற இடங்கள் இவை. குழந்தைக்கு வாசனை சேர்க்காத எண்ணெயே போதும். ஐரோப்பாவில் குழந்தைகள் விளையாடுகிற பொம்மையிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட வாசனைப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது.

மற்றவர்களுக்கு, புதிதாக ஒரு கிரீம் வாங்கினால் ஒரு சின்னச் சோதனை. முழங்கையின் உள்மடிப்பில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் பூசுங்கள். ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம். ஒரு நாள் பூசிப் பார்த்து "ஒன்னும் ஆகல" என்று முடிவு கட்டாதீர்கள், இது இரண்டு மூன்று நாள் கழித்து வாய் திறக்கிற ரகம் என்று சொன்னேன் இல்லையா. தடித்தாலோ அரித்தாலோ கறுத்தாலோ அது உங்களுக்கு ஆகாது. சென்ட் அடித்தே தீர வேண்டும் என்றால் கழுத்தை விட்டுவிட்டுச் சட்டையில் அடியுங்கள். பட்டுப்புடவையில் வேண்டாம், கறை போகாது, அந்தப் பழியை என் மேல் போடுவீர்கள்.

அக்காவின் கறுப்பு குறைய ஒன்றே முக்கால் வருஷம் பிடித்தது. காதுக்கு முன்னால் இன்னும் நிழல் மாதிரி கொஞ்சம் இருக்கிறது. முகத்தில் சுண்ணாம்புதான், தலையில் மட்டும் தினம் இரண்டு முழம் மல்லி. அது தோலில் படாமல் மணக்கிறது, டாக்டரும் தடுக்கவில்லை. ரேடியோவில் பேசப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னபோது, "என் கதையச் சொல்லு, பேரச் சொல்லிடாத" என்றார்.

சொல்லவில்லை அக்கா. வணக்கம்.